பரங்கிமலை எம்.சி. ராஜாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல தொகுதி தொகுதியா எடுத்து எம்.எல்.ஏ என்ன செஞ்சிருக்காருன்னு போட்டுட்டு வர்றீங்க, ஆதம்பாக்கத்துல எங்க தெரு டீக்கடையில அந்தப் பக்கம் வர்ற அன்னைக்கு பேப்பர் கை மாறிட்டே இருக்கும், நல்ல வேலை பண்றீங்க, மனசார பாராட்டறேன். ஆனா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு. அந்தப் பக்கத்துல வர்றது எல்லாம் பாத்தீங்கன்னா நிழற்குடை கட்டினாரு, ரேஷன் கடைக்கு புதுக் கட்டடம், மழைநீர் வடிகால், போர் போட்டாரு, பசங்களுக்கு நோட்டு குடுத்தாரு, வெயில் காலத்துல நீர்மோர் பந்தல் வச்சாரு. இதெல்லாம் வேணும்தான், வருஷத்துக்கு 3 கோடி ரூபா தொகுதி மேம்பாட்டு நிதின்னு ஒதுக்கறாங்க, அது எங்க போகுதுன்னு ஜனங்களுக்கு தெரிஞ்சாகணும். ஆனா அவரை நாம சட்டமன்ற உறுப்பினர்னுதானே அனுப்பறோம். மன்றத்துக்குள்ள போயி என்ன கேட்டாரு, எதுக்காக எழுந்து நின்னாரு, சொந்தக் கட்சி நம்ம ஜனங்களை கைவிட்டப்போ வாயத் திறந்தாரா, ஒரு தீர்மானமாவது ஒரு மசோதாவாவது கொண்டு வந்தாரா, இது ஒரு வரி கூட அந்தப் பக்கத்துல வர்றதில்ல. ஜனங்க சேவைன்னா அது வெளியில செய்யறது மட்டும்தான்னு ஆகிப் போச்சு.

உள்ள உக்காந்து ஒரு மெம்பர் என்ன பண்ண முடியும்னு கேக்கறவங்களுக்கு எங்க ஏரியாவுலயே பதில் இருக்கு. பரங்கிமலை. பரங்கிமலை தொகுதின்னா பெரியவங்க எல்லாரும் உடனே எம்.ஜி.ஆர் பேரைத்தான் சொல்வாங்க, 1967லயும் 71லயும் அவர் ஜெயிச்சது இங்கதான், அது பெருமைதான். ஆனா அதுக்கு எவ்வளவோ வருஷம் முன்னாடி, 1883 ஜூன் 17ந் தேதி பொறந்து, இதே பரங்கிமலையிலேயே வாழ்ந்து, 1943 ஆகஸ்டுல இங்கயே கண்ணை மூடின ஒரு மனுஷர் இருந்தாரு, மயிலை சின்னத்தம்பி ராஜா, எம்.சி. ராஜா. சைதாப்பேட்டையில ஒரு ஹாஸ்டல் இருக்கே, அந்தப் பேரு.

என் தம்பி அந்த ஹாஸ்டல்ல தங்கித்தான் காலேஜ் படிச்சான். ஞாயித்துக்கிழமைல அம்மா குழம்பு செஞ்சு தூக்குல போட்டுக் குடுப்பாங்க, நான் கொண்டு போயிக் குடுப்பேன், அவன் ரூம்ல இருந்த பசங்க விழுப்புரம், திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்துலேர்ந்து வந்தவங்க, ஒரே தூக்குல இருக்கறத அஞ்சாறு பேரு பிரிச்சு சாப்பிடுவாங்க. வீட்டுலயே முதல் முதலா காலேஜ் வாசலை மிதிச்ச பசங்க அவங்க எல்லாம். இன்னைக்கு ஒருத்தர் தாசில்தார், ஒருத்தர் பேங்க் மேனேஜர், ஒருத்தர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில டாக்டர். அத்தனை பேருக்கும் தன்னோட அட்ரஸ்ல எழுதின அந்தப் பேரு தெரியும், அந்தப் பேருக்கு உரியவரு சட்டசபையில என்ன பேசினாருன்னு யாரும் அவங்களுக்கு சொல்லித் தரல. ஸ்கூல் பாடத்துல வரல, பேப்பர்லயும் வரல. இது அந்தப் பசங்க குறை கிடையாது, சொல்ல வேண்டிய இடத்துல இருக்கற நாம எல்லாம் சொல்லாம விட்டது.

அவர் தொழிலால வாத்தியார் சார். ராயப்பேட்டை வெஸ்லி ஸ்கூல்ல படிச்சு, கிறிஸ்துவக் கல்லூரியில பட்டம் வாங்கி, டீச்சரா வேலை பாத்து, பசங்களுக்கு பாடப் புத்தகம் எழுதினவரு. 1916ல ஆதி திராவிட மகாஜன சபைக்கு செக்ரட்டரி ஆனாரு. 1920ல மெட்ராஸ் சட்டசபைக்குள்ள போறாரு, ஜஸ்டிஸ் பார்ட்டி பக்கம் உக்கார்றாரு. அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஓட்டு கிடையாது, சொத்து இருக்கணும், வரி கட்டணும், அதனால யாருக்காக அவர் பேசினாரோ அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஓட்டே இல்ல. எதுத்தாப்ல இருந்தவங்க யாரு? ஜமீன்தாருங்க, பெரிய வக்கீலுங்க, மிராசுதாருங்க. அந்த இடத்துல ஒரு வாத்தியார் எழுந்து நின்னு எங்க தெருப் பசங்களை ஸ்கூல்ல ஏன் சேக்க மாட்டேங்கறீங்கன்னு கேக்கறதுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

1922ல அவர் கொண்டு வந்த தீர்மானத்தைப் பத்தி தெரிஞ்சவங்க கூட குறைச்சல்தான். அதுவரைக்கும் சர்க்கார் ரெக்கார்டுல பறையர், பஞ்சமர்னு எழுதிட்டு இருந்தாங்க, அந்த வார்த்தைங்களை எடுத்துட்டு ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர்னுதான் எழுதணும்னு தீர்மானம் போட்டாரு, சபை ஏத்துக்கிச்சு, அதே வருஷம் அரசாணையும் வந்துச்சு. இன்னைக்கு தாலுகா ஆபீஸ்ல கம்யூனிட்டி சர்டிபிகேட் வாங்கறவங்க கையில இருக்கற தாள், ஆதி திராவிடர் நலத்துறைங்கற போர்டு, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு மெம்பர் சபையில எழுந்து பேசினது இருக்கு. நூறு வருஷம் தாண்டி நிக்குது. எந்த நிழற்குடை நூறு வருஷம் நிக்கும், நீங்களே சொல்லுங்க.

இதுல நான் ரொம்ப மதிக்கறது வேற ஒண்ணு. பின்னி மில்லு ஞாபகம் இருக்கும் உங்களுக்கு, 1996ல மூடினாங்களே, பெரம்பூர் பக்கம், பக்கிங்காம் கர்நாட்டிக் மில். அங்க 1921ல பெரிய ஸ்ட்ரைக், மாசக்கணக்குல நடந்துச்சு. ஆதி திராவிடத் தொழிலாளிங்கள்ல நெறைய பேரு வேலைக்குப் போனாங்க, ஏன் போனாங்கங்கறதுக்கு ஆயிரம் காரணம் சொல்வாங்க, ஒரு வாரம் கூலி இல்லன்னா அடுப்பு எரியாதுங்கறதே எனக்குப் போதுமான காரணமாத் தெரியுது. அது புளியந்தோப்புல கலவரமா வெடிச்சு குடிசைங்களை எரிச்சாங்க, துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, உசுரு போச்சு. அப்ப ஆட்சியில இருந்தது ஜஸ்டிஸ் பார்ட்டி, ராஜா இருந்த கட்சி. அந்தக் கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரு, நம்ம தி.நகருக்குப் பேரு குடுத்தவரு, சர்க்காரோட லேபர் டிபார்ட்மெண்ட் ஆதி திராவிடர்களுக்கு அளவுக்கு மேல இடம் குடுக்குது, அதனாலதான் இவ்வளவும்னு பழியை அந்தப் பக்கம் தள்ளினாரு. லேபர் டிபார்ட்மெண்ட்னா இப்ப நாம நினைக்கற தொழிலாளர் துறை இல்லைங்க, அப்ப அதுதான் ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு வீட்டு மனை, கிணறு, ஸ்கூல் எல்லாம் பாத்துட்டு இருந்த துறை, லேபர் ஸ்கூல்னு எங்க பாட்டி காலத்து ஆளுங்க சொல்வாங்களே அது இங்கேர்ந்து வந்ததுதான்.

ராஜா என்ன பண்ணாரு? எரிஞ்ச குடிசை பக்கம் நின்னாரு. சபையிலயும் வெளியிலயும் சொந்தக் கட்சியோட மோதினாரு, வேலைவாய்ப்புலயும் நம்ம ஜனங்களுக்கு சேர வேண்டியது வந்து சேரலன்னு கேட்டாரு, 1923ல கட்சியையே விட்டு வெளிய வந்துட்டாரு. ஆளுங்கட்சியை விட்டு வெளிய போறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியாதா. அதுக்கப்புறம் அவருக்கு பின்னாடி பெரிய பணமும் இல்ல, பெரிய கூட்டமும் இல்ல, வாத்தியார் வேலையில சேத்த பேரும் தன்னோட நாக்கும்தான்.

நான் ரிட்டயர் ஆனப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல பழைய சட்டசபை நடவடிக்கை வால்யூம்களைப் புரட்டிப் பாத்தேன். தாளு அப்பளம் மாதிரி நொறுங்குது, ஓரத்தை தொட்டாலே கையில வந்துடும்போல இருக்கு, ஒவ்வொரு பக்கமா மூச்சை அடக்கிட்டுத்தான் திருப்பணும். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வால்யூமுக்குக் கடைசில மெம்பர் பேரு வரிசையா இண்டெக்ஸ், அதுல ராஜான்னு போட்டு பக்க நம்பருங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா ரோடு, கிணறு, ஸ்கூல், வீட்டு மனை, பட்டா, உத்தியோகம், திரும்பத் திரும்ப அதேதான். மந்திரி பதில் சொல்லுவாரு, இவர் விடமாட்டாரு, உடனே துணைக் கேள்வி கேப்பாரு. இதைத்தான் ஒரு எம்.எல்.ஏவோட வேலைன்னு நான் நினைக்கறேன். ஒரு துறை எதையும் எழுத்துல ஒத்துக்காது, சபையில கேள்வி கேட்டா எழுத்துல பதில் சொல்லித்தான் ஆகணும், சொன்னதுக்கப்புறம் அதை வச்சு அடுத்த வருஷம் மடக்கலாம். அவர் மட்டும் இல்ல, ரெட்டமலை சீனிவாசனும் அதே சபையில இருந்தவரு, பொது ரோடு, பொதுக் கிணத்துல யாரும் யாரையும் தடுக்கக் கூடாதுன்னு 1924ல தீர்மானம் கொண்டு வந்தது அவர்தான். ரெண்டு பேரும் எல்லா விஷயத்துலயும் ஒத்துப் போனவங்க இல்ல, ஆனா சபையை எப்படிப் பயன்படுத்தணும்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

1927லேர்ந்து பத்து வருஷம் டெல்லி மத்திய சட்டசபையில இருந்தாரு, ஒடுக்கப்பட்ட ஜனங்கள்ல அங்க போன முதல் ஆளு இவர்தான். சைமன் கமிஷனோட சேந்து வேலை செஞ்ச இந்தியக் கமிட்டியிலயும் மெம்பர். இந்தக் கட்டத்துல அவர் எடுத்த ஒரு முடிவைப் பத்தி இன்னைக்கும் சண்டை நடக்குது, அதையும் மறைக்காம சொல்லணும். 1932ல அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி, அதாவது ஒடுக்கப்பட்ட ஜனங்க மட்டும் ஓட்டுப் போட்டு தங்களோட ஆளைத் தேர்ந்தெடுக்கற முறை வேணும்னு நின்னப்போ, ராஜா இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோட ஒப்பந்தம் போட்டு, எல்லாரும் சேந்து ஓட்டுப் போடற கூட்டுத் தொகுதியே போதும், இட ஒதுக்கீடு இருந்தா சரின்னாரு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அம்பேத்கர் பேச்சுவார்த்தை நடத்திட்டு இருக்கற நேரத்துல பக்கத்துலேர்ந்து வேற குரல் வந்தது எதிர்ப் பக்கத்துக்குத்தான் வசதியாப் போச்சுன்னு நினைக்கறேன். ஆனா அந்த ஒண்ணை மட்டும் வச்சு அவரை மொத்தமா தூக்கிப் போட்டுடறாங்க பாருங்க, அதுதான் அநியாயம். அதே வருஷம் செப்டம்பர்ல காந்தி பக்கத்துக்கும் அம்பேத்கருக்கும் நடுவுல பூனா ஒப்பந்தம் ஆச்சு, அதுவும் கூட்டுத் தொகுதிதான், மெட்ராஸ் மாகாணத்துக்கு ஒதுக்கீட்டுல 30 தனித் தொகுதி கிடைச்சுது. கூட்டுத் தொகுதியில ஜெயிச்சு வர்றவங்க யாருக்குக் கட்டுப்படுவாங்கங்கற கேள்விக்கு பதில் ஆறே வருஷத்துல ராஜா கண்ணு முன்னாடியே வந்துச்சு.

1937 எலெக்ஷன்ல சுயேச்சையா ஜெயிச்சாரு. கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில அமைஞ்ச இடைக்கால மந்திரி சபையில கொஞ்ச மாசம் மந்திரியாவும் இருந்தாரு. மந்திரிங்கறதை விட, அது போனப்புறம் வெறும் மெம்பரா உக்காந்து அவர் செஞ்சதுதான் பெருசு. 1938ல ரெண்டு மசோதா. அப்ப சட்டசபை கோட்டையில நடக்கல, இன்னைக்கு ராஜாஜி ஹால்னு சொல்ற கட்டடத்துலதான் கூடிச்சு. ராஜாஜி ஹால்னா நமக்கு எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கலைஞர் கடைசி அஞ்சலிதான் ஞாபகம் வரும், அந்தப் பெரிய படிக்கட்டு டிவில எவ்வளவு தடவை பாத்திருக்கோம். அதே ஹால்லதான் பரங்கிமலை வாத்தியார் எழுந்து, கோயிலுக்குள்ள எல்லாரையும் விடணும்னு மசோதா வச்சாரு.

பிரீமியர் ராஜாஜி, அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க, முதல்ல தடுக்கல, அப்புறம் வாபஸ் வாங்கிக்கோங்கன்னுட்டாரு. மலபாருக்கு மட்டும் தனியா சட்டம் கொண்டு வரேன், இதை விட்டுடுங்கன்னாரு. ராஜா மாட்டேன்னுட்டாரு. காந்திக்கு லெட்டர் எழுதினாரு, ராஜாஜியை நம்புங்கங்கற மாதிரிதான் பதில் வந்துச்சு. ஓட்டுக்கு விட்டாங்க, மசோதா தோத்துச்சு. அதை விடக் கொடுமை என்னன்னா தனித் தொகுதியில காங்கிரஸ் டிக்கெட்ல ஜெயிச்சு வந்தவங்களும் கட்சி சொன்ன பக்கம்தான் ஓட்டுப் போட்டாங்க. யாருக்காக அந்த மசோதாவோ அந்த ஜனங்களோட பிரதிநிதிங்களே எதுத்து ஓட்டுப் போட்டாங்க சார். அன்னைக்கு ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல. அதுக்கு அடுத்த வருஷம் 1939 ஜூலைல மதுரை மீனாட்சி கோயில்ல வைத்தியநாதய்யர் தலைமையில கோயில் நுழைவு நடந்துச்சு, ராஜாஜி அரசு அதுக்கு பாதுகாப்பா சட்டம் போட்டுச்சு, 1947ல மொத்த மாகாணத்துக்கும் சட்டம் வந்துச்சு. எல்லாப் பாடப் புத்தகத்துலயும் மதுரை இருக்கு, இருக்க வேண்டியதுதான், வைத்தியநாதய்யர் செஞ்சது பெரிய காரியம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி மெட்ராஸ்ல தோத்துப் போன மசோதாவும் அதே பக்கத்துல ஒரு பாராவா வரணும்ங்கறதுதான் நான் கேக்கறது.

இன்னொரு மசோதா ஜெயிச்சுது. 1938 குடிமைத் தகுதியின்மை ஒழிப்புச் சட்டம். சர்க்கார் பணத்துல நடக்கற ரோடு, கிணறு, வண்டி, பொது இடம் எதுலயும் தீண்டாமை காட்டினா குத்தம், அபராதம், கோர்ட்டும் அந்த மாதிரி பழைய வழக்கத்தை காரணமா ஏத்துக்கக் கூடாது. 1955ல நாடு முழுக்க தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வர்றதுக்கு 17 வருஷம் முன்னாடி, சுதந்திரத்துக்கே 9 வருஷம் முன்னாடி, மெட்ராஸ் சபையில இது நடந்திருக்கு. அதுக்கு அரசாங்க ஆதரவும் இருந்துச்சு, அதை மறுக்கல. ஆனா கொண்டு வந்தது மந்திரி இல்ல, ஒரு சாதாரண மெம்பர். 1942ல பிரிட்டிஷ் மந்திரி கிரிப்ஸ் அரசியல் பேச்சுவார்த்தைக்கு வந்தப்போ அம்பேத்கரும் ராஜாவும் சேந்து போயி அவரைப் பாத்தாங்க, பத்து வருஷம் முன்னாடி எதிரும் புதிருமா நின்னவங்க ஒரே பக்கம் உக்காந்தாங்க. அடுத்த வருஷம் ராஜா போய்ச் சேந்துட்டாரு.

இன்னைக்கு தமிழ்நாட்டுல 234 தொகுதி, அதுல 44 எஸ்.சி, 2 எஸ்.டி. சென்னை மாவட்டத்துல இருக்கற 16ல எழும்பூரும் திரு.வி.க. நகரும் தனித் தொகுதி. திரு.வி.க. நகர் பின்னி மில்லு இருந்த அந்த வடசென்னைப் பக்கம்தான். எந்தக் கட்சியா இருந்தாலும் இந்த 46 பேரும், மீதி 188 பேரும்தான், அஞ்சு வருஷத்துல எத்தனை கேள்வி எழுதிக் குடுத்தாங்க, எந்த மானியக் கோரிக்கையில பேசினாங்க, துறைக்குக் கேக்கற பணத்தைக் குறைக்கணும்னு வெட்டுத் தீர்மானம் குடுத்தாங்களா, பேசும்போது தலைவரைப் புகழ்ந்து முடிச்ச நேரம் போக தொகுதிக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருந்துச்சு, இதெல்லாம் போடுங்க. உங்க நிருபருங்க பிரஸ் கேலரியில தினம் உக்கார்றாங்க, அவை நடவடிக்கைக் குறிப்பு இருக்கு, 2022லேர்ந்து கேள்வி நேரத்தை நேரலையில காட்டவும் ஆரம்பிச்சாங்க. கஷ்டமான வேலை இல்ல. ஒரு எம்.எல்.ஏ பேசறது பேப்பர்ல வரும்னு தெரிஞ்சா அவர் படிச்சிட்டு வருவாரு, வராதுன்னு தெரிஞ்சா எதுக்கு படிக்கப் போறாரு. அவரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நாம கேக்கறது எதைன்னு பாக்கணும், ஆபீசுக்குப் போனா கல்யாணத்துக்கு வாங்க, காலேஜ் சீட்டுக்கு லெட்டர் குடுங்கன்னுதான் கேக்கறோம், நீங்க அந்தத் துறையில என்ன கேள்வி கேட்டீங்கன்னு யாரும் கேக்கறதில்ல.

ஆசிரியர் அவர்கள் கிட்ட என் வேண்டுகோள் இதுதான். வர்ற ஜூன் 17க்கு எம்.சி. ராஜாவுக்கு முழுசா ஒரு பக்கம் ஒதுக்குங்க, வழக்கமா போடற ஒரு போட்டோ, நாலு வரி அஞ்சலி வேணாம். 1922 தீர்மானம், 1938 விவாதம் ரெண்டையும் அந்த வால்யூம்லேர்ந்து எடுத்து நல்ல தமிழ்ல மாத்தி, அவர் என்ன பேசினாரு, எதுத்தவங்க என்ன பேசினாங்கன்னு ரெண்டு பக்கத்தையும் போடுங்க. சில தனி ஆளுங்களும் சின்னப் பதிப்பகங்களும் கைக்காசு போட்டு அவர் எழுத்துங்களை தேடி வெளியிட்டிருக்காங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம். ஆனா அவரோட மொத்த சபைப் பேச்சும் அரசு செலவுல, மலிவு விலையில, எல்லா நூலகத்துலயும் எல்லா ஹாஸ்டல்லயும் இருக்கற மாதிரி வரணும், உங்க பேப்பர் தலையங்கத்துல எழுதினா கோட்டையில காது குடுப்பாங்க. அந்த வால்யூம் தாளுங்க இருக்கற நிலைமையில ரொம்ப நாள் தாங்காது, ஸ்கேன் பண்ற வேலையாவது சீக்கிரம் நடக்கணும்.

அப்புறம் ஒண்ணு. பரங்கிமலை, ஆலந்தூர், சைதாப்பேட்டை பக்கம் பழைய குடும்பங்கள்ல அந்தக் கால மாநாட்டு நோட்டீஸ், சபை ரசீது, அவர் இருக்கற குரூப் போட்டோன்னு ஏதாவது பரண் மேல கிடக்கும். உங்க பேப்பர்ல ஒரு அறிவிப்பு போட்டீங்கன்னா கொண்டு வருவாங்க. ஸ்கேன் எடுத்துட்டு ஒரிஜினலை அவங்ககிட்டயே குடுத்துடணும். வீடு வீடா போயி கேட்டு வாங்கிட்டு வர்ற வேலைக்கு ஆள் வேணும்னா நான் வரத் தயார், எங்க தெரு நண்பருங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட நெடுநாள் வாசகன்,
ஆதம்பாக்கம், சென்னை.